சொதி நுரைத்த இரவு

ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்து அடுப்படிப் பாதுகாப்பைப் பற்றி வகுப்பு எடுக்கும் ஒருத்தி, அதே நாள் இரவு தன்னுடைய அடுப்படியில் என்ன செய்தாள் என்பதைத்தான் இம்முறை எழுதப் போகிறேன். எழுதலாமா, வேண்டாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். அந்த ஒருத்தி நான்தான். அதனால் வந்த யோசனை அது.

"எழுதுங்க புள்ள. நாலு பேர் சிரிச்சா உங்களுக்கு என்ன கொறஞ்சா போகுது?" என்றார் ராத்தா. என் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளியிருப்பவர் அவர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களில் ஒருவர். அவர் சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் குழுவும் எங்கள் போத்தலும்

நான் வேலை செய்யும் தலவில, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள கடலோரக் கிராமம். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில் மணலும் தென்னையும். புனித அன்னம்மாள் ஆலயம் இங்கேதான் இருக்கிறது. ஓகஸ்ட் மாதத் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருவார்கள். பல குடும்பங்கள் நாட்கணக்கில் தங்கி, மரநிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடும்.

சமைத்தால் சட்டி கழுவ வேண்டும் அல்லவா? அதிலிருந்துதான் எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு யோசனை பிறந்தது. பாத்திரம் கழுவும் திரவம் செய்து திருவிழாவில் விற்கலாம் என்று முடிவு செய்தோம். குழுவில் பன்னிரண்டு பேர். கடலில் கணவனை இழந்த தலவிலப் பெண்கள், ராத்தாவைப் போல வடக்கிலிருந்து வந்தவர்கள், படையில் இருந்த கணவனை 2008 இல் இழந்த சிங்களச் சகோதரி ஒருவர் என்று எல்லோரும் இருக்கிறோம். போர் எங்களை வெவ்வேறு வாசல்களால் தள்ளிவிட்டது. வந்து சேர்ந்த முற்றம் ஒன்றுதான்.

பயிற்சி கொடுத்தது நான். நுரைக்கும் மூலப்பொருளைத் தண்ணீரில் கரைத்து, தடிப்பாக்க உப்புச் சேர்த்து, எலுமிச்சை அமிலம் விட்டு, மஞ்சள் நிறமும் தேசிக்காய் மணமும் கலந்தோம். கையுறை போட்டோம், யன்னலைத் திறந்து வைத்தோம். எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசியில் திரவத்தை ஊற்றப் போத்தல் வேண்டியிருந்தது. புதுப் போத்தல் வாங்கினால் இலாபம் போய்விடும் என்று, கழுவிக் காயவைத்த சிறிய குளிர்பானப் போத்தல்களில் ஊற்றினோம். மொத்தம் 25 போத்தல். ஆளுக்கு இரண்டு வீதம் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். ஒன்று சொந்தப் பாவனைக்கு, மற்றது அயலவருக்குக் காட்ட. மிஞ்சிய ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

"பெயர்த்தாள் ஒட்ட வேண்டாமா மிஸ்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது திருவிழாவுக்கு முதல் பார்ப்பம்" என்று நான் சொன்னேன். இந்தப் பதிலைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்து

முதல் தயாரிப்பு நல்லபடியாக முடிந்த சந்தோசத்தில், மூன்று பேரை அன்றிரவு சாப்பிட வரச் சொன்னேன். ஒருவர் ராத்தா. மற்றவர் எனக்குத் தன் வீட்டின் பக்கத்து அறையையும் குசினியையும் வாடகைக்குத் தந்திருக்கும் அன்ரி. மூன்றாமவர் நான் சொன்ன சிங்களச் சகோதரி. தமிழிலும் சிங்களத்திலும் அக்காவுக்கு அக்கா என்றே பெயர் என்பதால் அவரை அழைப்பதில் எனக்குச் சிரமம் இல்லை.

தென்மேல் பருவக்காற்றுக் காலம். கடல் கொந்தளிப்பதால் தொழில் குறைவு. ஆனாலும் அன்ரியின் தம்பி களப்பிலிருந்து நல்ல ஓரா மீன் கொண்டு வந்து தந்தார். ஓரா மீன் கிடைத்தால் வன்னியில் பிறந்தவளுக்கு வேறு யோசனை வருமா? இடியப்பமும் மீன் சொதியும் என்று தீர்மானித்தேன். இரண்டு தேங்காய் துருவினேன். தென்னை முக்கோணம் என்று பாடப் புத்தகத்தில் படித்த மாவட்டத்தில் இருந்துகொண்டே இப்போது தேங்காய் உடைக்கக் கணக்குப் பார்க்கிறோம். ஆனாலும் விருந்து விருந்துதானே.

வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் போட்டு, இரண்டாம் பாலில் மீனை அவியவிட்டு, முதற்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கினேன். வாசம் வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும். அன்ரியின் நாய் வாசலில் வந்து படுத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. நாட்டின் மிகப் பெரிய அனல் மின் நிலையம் எங்களுக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தூரத்தில், நுரைச்சோலையில் இருக்கிறது. 900 மெகாவோற். அதன் அயலில் இருந்துகொண்டு நாங்கள் மெழுகுதிரி தேடுவோம்.

மெழுகுதிரியை ஏற்றி வைத்துவிட்டுத் தேசிப்புளிக்காகத் தட்டில் கையை வைத்தேன். முதல் நாள் ராத்தா தன் வளவுத் தேசிக்காய்களைத் தந்திருந்தார். அவற்றைப் பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு சிறிய போத்தலில் ஊற்றி வைத்திருந்தேன். அதுவும் குளிர்பானப் போத்தல்தான். அதே அளவு, அதே வடிவம். மங்கல் வெளிச்சத்தில் அதே மஞ்சள். மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தேன். தேசிக்காய் வாசம் மூக்கில் அடித்தது. பிறகென்ன சந்தேகம்?

தாராளமாக விட்டு, அகப்பையால் நன்றாகக் கலக்கினேன். சொதி வெளிறியது. பால் திரைந்துவிட்டதோ என்று நினைத்தேன். புளி போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் விட்டேன்! மேலும் கலக்கினேன். சட்டியின் நடுவிலிருந்து ஒரு குமிழி மெல்ல எழும்பி, மெழுகுதிரி வெளிச்சத்தில் வானவில் நிறமெல்லாம் காட்டிவிட்டு வெடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒரு படையே வந்தது.

ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்தேன். கசப்பு. வழவழப்பு. உடனே வாயைக் கொப்பளித்தேன். அப்போதுதான் தட்டில் மற்றப் போத்தல் நிற்பதைக் கண்டேன்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு அல்ல, பயம். முற்றத்தில் மூவரும் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நான் சட்டியை மூடிவிட்டு, மீன் பழுதாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லலாம் என்று மனதில் தயார்படுத்திக்கொண்டேன். பாதுகாப்பு வகுப்பு எடுத்த மிஸ், பாத்திரம் கழுவும் திரவத்தில் சொதி வைத்தாள் என்று ஊர் கதைத்தால் நாளைக்கு எந்த முகத்தோடு கூட்டத்துக்குப் போவது?

ஆனால் நுரைக்கு இரகசியம் காக்கத் தெரியாது. மூடியின் ஓரத்தால் மெல்ல எட்டிப் பார்த்தது. பிறகு சட்டியின் பக்கத்தால் வழிந்து இறங்கியது. அந்த நேரம் அன்ரி உள்ளே வந்தார்.

"என்ன பிள்ளை, சட்டிக்குத் தலை முழுக வார்க்கிறியோ?"

பின்னால் வந்த ராத்தா எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நுரைச்சோலைக்குப் பக்கத்துல இருந்தா சொதியும் நுரைக்கத்தான் செய்யும்."

அக்கா குனிந்து வாசம் பிடித்தார். தனக்குத் தெரிந்த தமிழில், மிகுந்த மரியாதையோடு, "மிஸ், சொதி வாசம் நல்லம். ஆனா சட்டி கழுவின வாசம்" என்றார்.

அவ்வளவுதான். நால்வரும் குசினி நிலத்தில் இருந்து சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். "உப்பு இருக்கு, புளி இருக்கு, தேசிக்காய் மணமும் இருக்கு. சொதிக்கு வேற என்ன வேணும்?" என்றார் அன்ரி. உண்மைதான். நாங்கள் போட்ட பொருட்களின் பட்டியல் அப்படித்தான் இருந்தது. இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. நான் செய்த திரவம் தேங்காய்ப்பாலிலேயே நுரைக்கிறதே என்று ராத்தா என்னைப் பாராட்டவும் செய்தார்.

கெட்டதைச் சாப்பிடுவது யார்?

சிரித்து முடிந்ததும் சட்டியைத் தூக்கினேன். ராத்தா என் கையைப் பிடித்தார்.

"மீனையாவது எடுத்துக் கழுவிப் பார்ப்பம் புள்ள. நான் சாப்பிடுறன். எனக்கு ஒண்டும் செய்யாது."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. 1990 இல் வீட்டை விட்டு வெளியேறச் சொன்னபோது அவருடைய அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம். "இறக்கி வெக்கக்கூட மனசு வரல்ல. அப்படியே விட்டுட்டு வந்தோம்" என்றார். அன்றிலிருந்து ஒரு பிடி சோற்றையும் வீசியதில்லை என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஆனாலும் சட்டியை விடவில்லை. சலவைத் திரவம் கலந்த உணவைக் கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் அது முழுதாக நீங்காது என்று சொன்னேன். வேறொன்றும் சொன்னேன். எங்கள் வீடுகளில் அடிப்பிடித்த சோறு அம்மாவுக்கு. உடைந்த இடியப்பம் அம்மாவுக்கு. புளித்த கறி அம்மாவுக்கு. "எனக்கு ஒன்றும் செய்யாது" என்ற வசனத்தை எத்தனை குசினிகளில் கேட்டிருக்கிறோம்! நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, வீட்டுக்குள் உணவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஒரு பாடம் இருந்தது. கடைசியாகவும் குறைவாகவும் சாப்பிடுபவள் பெண் என்று அதில் படித்தோம். கெட்டதையும் அவளே சாப்பிடுகிறாள் என்று நான் அந்தப் பாடத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

தென்னையடியில் ஆழமாகக் குழி தோண்டி ஓராவையும் சொதியையும் புதைத்தோம். அன்ரியின் நாய் கிட்ட வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

இடியப்பத்துக்குச் சம்பல் அரைத்தோம். அதற்குத் தேசிப்புளி விட வேண்டுமே! மூவரும் போத்தலை ஒருவர் மாறி ஒருவர் முகர்ந்து, ஒரு துளியைத் தொட்டுப் பார்த்து, ஏகமனதாக ஒப்புதல் அளித்த பிறகே விட அனுமதித்தார்கள்.

சிரிப்பு நின்ற நேரம்

இரண்டாவது இடியப்பத்தை எடுத்த அக்கா கையை அப்படியே நிறுத்தினார்.

"மிஸ், எங்கட வீட்டிலயும் இந்தப் போத்தல் இருக்கு. தண்ணிப் போத்தல் பக்கத்தில வச்சன்."

அவருடைய வீட்டில் தங்கையின் நான்கு வயது மகன் வளர்கிறான். நித்திரையால் எழும்பியதும் தானாகவே போத்தலை எடுத்துத் தண்ணீர் குடிக்கும் பிள்ளை.

25 போத்தலில் ஒன்று என் குசினியில் இருந்தது. மற்ற 24 எங்கே? பன்னிரண்டு வீடுகளிலும் அவற்றின் அயல்வீடுகளிலும். ஒன்றிலும் பெயர் இல்லை. எல்லாம் குடிக்கும் பானத்தின் போத்தல், எல்லாம் தேசிக்காய் வாசம். வளர்ந்த, படித்த, அதைத் தானே தயாரித்த எனக்கே அடையாளம் தெரியாமல் போனது என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அக்காவும் நானும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அவர் வீட்டுக்கு ஓடினோம். பிள்ளை நித்திரை. போத்தல் அவர் சொன்ன இடத்தில், குடிதண்ணீர்ப் போத்தலோடு தோள் உரசி நின்றது. அதை எடுத்து உயரத் தட்டில் வைத்தபோது என் கை நடுங்கியதை அக்கா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் கையை வைத்தார்.

இதற்கிடையில் அன்ரியும் ராத்தாவும் மற்ற வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் மாமியார் அதைச் சோடா என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை வரும் பேரனுக்கென்று தன் பெட்டிக்குள் எடுத்து வைத்திருந்தாராம்! இப்போது அதை நினைத்துச் சிரிக்கிறோம். அன்றிரவு யாரும் சிரிக்கவில்லை.

நித்திரை வராமல் படுத்திருந்தபோது ஒரு விடயம் என்னை உறுத்தியது. அந்த நுரை வழியாமல் இருந்திருந்தால், நான் நினைத்தபடி பொய்யைச் சொல்லியிருப்பேன். என் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். காலையில் அந்தப் பிள்ளை எழும்பியிருக்கும்.

பிழையை மறைக்கப் பழகியது எங்கே?

2009 இல் எனக்கு 18 வயது. வன்னியிலிருந்து வெளியே வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரில் பெரும்பாலானோரைப் போல நாங்களும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். தொடக்கத்தில் குடும்பம் குடும்பமாகச் சமைக்க வசதி இல்லை. பொதுச் சமையல்தான். பெரிய கிடாரங்களில் சோறும் பருப்பும் வேகும். இளம் பெண்கள் நாங்கள் முறை வைத்து உதவி செய்வோம்.

ஒருநாள் பருப்புக் கிடாரத்துக்கு உப்புப் போட்டேன். ஏற்கனவே யாரோ போட்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வாயில் வைக்க முடியாத பருப்பு. வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள். பசியில் நின்றவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஏச்சு முழுவதும் அன்று கிடாரத்துக்குப் பொறுப்பாக நின்ற ஒரு அம்மாவின் தலையில் விழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அந்த அம்மா பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிடாரத்தை மட்டும் மறக்க முடியவில்லை. ஒரு கை உப்பு நூறு பேரின் பசியாக மாறும் இடத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பிழை என்பது சாதாரண விடயமல்ல, அது குற்றம். குற்றத்தை மறைக்கத்தானே தோன்றும்? எங்களில் பலர் முகாமை விட்டு வந்த பின்னரும் அந்தப் பயத்தை விட்டு வரவில்லை. கறி கருகினால் கணவர் வருவதற்குள் சட்டியை ஒளித்து வைக்கும் பெண்களை நான் வேலைக்காகப் போகும் வீடுகளில் இன்னும் சந்திக்கிறேன்.

அன்றிரவு குசினி நிலத்தில் இருந்து சிரித்தபோது, ஒரு சட்டி சாப்பாடு பழுதாகியும் யாரும் பட்டினி கிடக்காத ஒரு வீட்டில் இப்போது இருக்கிறேன் என்பது எனக்கு முதல் தடவையாக உறைத்தது. சிரிக்க முடிந்ததற்கு அதுதான் காரணம்.

நான் மட்டும் அல்ல

பிறகு தேடிப் படித்தபோது எனக்கு முன்னோடிகள் இருப்பது தெரிந்தது. 1982 இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், தேசிக்காய்ச் சாறு சேர்த்த புதிய பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றின் மாதிரிப் போத்தல்களை வீடுகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். போத்தல் மஞ்சள் நிறம். அதில் தேசிக்காய்ப் படமும் இருந்தது. அதைச் சாறு என்று நினைத்துத் தேநீரிலும் சாப்பாட்டிலும் விட்டவர்கள் பலர். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு மருத்துவ ஆலோசனை கேட்டார்கள். நல்ல காலம், பெரும்பாலானோருக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அந்தப் போத்தலில் பெயரும் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் கண் முதலில் படத்தைத்தான் பார்க்கிறது. எழுத்தைப் பிறகுதான் வாசிக்கிறது.

எங்கள் நாட்டிலும் போத்தலால் வந்த துன்பம் புதியதல்ல. குளிர்பானப் போத்தலில் வைத்த மண்ணெண்ணெயைக் குடித்து ஆஸ்பத்திரிக்கு வரும் சிறு பிள்ளைகள் பல காலமாகவே இருக்கிறார்கள். வெற்றுப் போத்தலில் திரி போட்டுச் செய்யும் குப்பி விளக்குச் சரிந்து எரிகாயப்பட்டவர்களும் ஏராளம். அப்படி வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்துக்கு மருந்து போடுவதோடு நிற்கவில்லை. விளக்கையே மாற்ற முயன்றார். மார்மைட் போத்தலைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். குட்டையான, பாரமான, தடித்த கண்ணாடிப் போத்தல். சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. எண்ணெய் சிந்தாதபடி திருகும் மூடி. 'சுதீபா' என்ற அந்தப் பாதுகாப்பான விளக்குக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கவனமாக இருங்கள் என்று பெண்களுக்குச் சொல்வதோடு விடாமல், கவனம் தவறினாலும் காப்பாற்றும் ஒரு போத்தலைச் செய்தார். நானும் அன்று வரை வகுப்புகளில் "கவனமாக இருங்கள்" என்றுதான் சொல்லி வந்தேன்.

மறுநாள்

காலையில் குழுவைக் கூட்டி, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். பெயர்த்தாளைத் தள்ளிப்போட்டது என் பிழை என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருவர், தான் ஒருமுறை சீனி என்று நினைத்துச் சலவைத் தூளைத் தேநீரில் போட்டதைச் சொன்னார். இன்னொருவர், பக்கத்து அறையில் மாமனார் படுத்திருக்க, கோதுமை மாவுக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தூள் பையைத் திறந்த கதையைச் சொன்னார். பத்து நிமிடத்தில் எல்லோரிடமும் ஒவ்வொரு கதை வெளியே வந்தது. இத்தனை வருடம் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒளித்து வைத்த கதைகள்!

அன்றே போத்தல்களைத் திருப்பி எடுத்தோம். சாப்பாட்டுப் பொருளின் போத்தலில் இனி ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். இலாபம் குறைந்தாலும் வேறு வடிவமுள்ள போத்தல் வாங்கினோம். பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள் என்பதால், சட்டியின் படம் ஒன்றும் வாயின் மேல் குறுக்குக் கோடு போட்ட படம் ஒன்றும் வரைந்தோம். தேசிக்காய்ப் படம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னேன். "மேக கேமட நெவெயி" என்று அக்கா சிங்களத்தில் எழுதியதற்குக் கீழே ராத்தா தமிழில் சொல்லச் சொல்ல எழுதினோம்: "இது சாப்பிடுவதற்கு அல்ல."

திருவிழாவில் எங்கள் போத்தல்கள் நன்றாக விற்றன. ஒரு பெரியவர் பெயர்த்தாளை வாசித்துவிட்டு, "இதை யார்தான் சாப்பிடப் போகிறார்கள்?" என்று கேட்டார். ராத்தா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் குசினிக்குச் சில குறிப்புகள்

• மண்ணெண்ணெய், சலவைத் திரவம், கிருமிநாசினி, பூச்சிமருந்து ஆகியவற்றை ஒருபோதும் குடிபானப் போத்தலில் வைக்க வேண்டாம். வேறு வழியில்லாவிட்டால் ஊற்றும் போதே பெயர் எழுதி, மேலே ஒட்டுநாடா ஒட்டுங்கள். ஈரத்தில் எழுத்து அழியாது.

• சாப்பாட்டுப் பொருளுக்கு ஒரு தட்டு, மற்றவற்றுக்கு வேறொரு தட்டு. இரண்டாவது, பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

• பாத்திரம் கழுவும் திரவம் யாராவது விழுங்கிவிட்டால் வாயைக் கழுவி, சிறிதளவு தண்ணீர் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். நுரை மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். இருமல், மூச்சுத்திணறல், தொடர் வாந்தி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

• மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையையும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

• கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடமாவது கழுவுங்கள்.

• ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் கொண்டு போங்கள். உள்ளே என்ன இருந்தது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

• அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்த இலக்கத்தை வகுப்பில் சொன்னபோது ராத்தா, "அந்த வருசத்த எனக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவல்ல" என்றார்.

கடைசியாக ஒன்று, சகோதரிகளே. உங்கள் குசினியில் ஏதாவது பிழை நடந்தால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் அன்றிரவு தங்கள் தட்டையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். மெனிக் பாமில் ஏச்சு வாங்கிய அந்த அம்மா இதை வாசிப்பாரோ தெரியாது. வாசித்தால், அன்று உப்புப் போட்டது நான்தான் அம்மா.

இப்போதும் ராத்தா வீட்டில் ஓரா மீன் சொதி வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் வரும். மூடியைத் திறப்பதற்கு முன் அவரே சொல்லிவிடுவார்: "பயப்படாதீங்க புள்ள, நுரைக்காது."